மலைஜனங்களைக் கெடுத்தவர்கள் யார்?

“மலையில் சாதுவாய் வாழ்ந்துகொண்டிருந்த ஜனங்களைக் கம்யூனிஸ்டுகள் போய்க் கெடுத்துவிட்டார்கள்” என்பதாகப் படித்தவர்களும், பத்திரிகைக்காரர்களும், மந்திரிகளும் ஐம்பது அறுபது வருஷ காலமாய்ச் சொல்லி வருகிறார்கள். 2025-ம் வருஷம் மே மாதத்தில் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளரான பசவராஜு என்கிற நம்பாலா கேசவராவ் சத்தீஸ்கர் காட்டில் கொல்லப்பட்டபோதும் இந்தப் பேச்சே மறுபடியும் கிளம்பிற்று. அவர் பிறந்தது ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் ஜில்லா. அந்த ஜில்லாவின் பேர் வந்துவிட்டபடியால், மலைஜனங்களைக் கெடுத்தது யார் என்கிற வழக்கை அந்த ஜில்லாவின் கணக்கைக் கொண்டே தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

பார்வதிபுரம் ஏஜென்சி மலைகளில் குடியிருப்பவர்கள் சவரர்கள், ஜாதாபுகள் என்னும் ஜனங்கள். மலைச்சரிவைத் திருத்தி விதைப்பதும், காட்டில் புளியும் இலையும் பொறுக்கி விற்பதுமே அவர்களுடைய ஜீவனம். உழுதவனுக்கு நிலம் என்பதைத் தவிர வேறு சட்டம் அவர்களுக்குத் தெரியாது. அந்த மலைக்குக் கீழ்நாட்டிலிருந்து சவுகார் ஏறிப் போனார். முதலில் கொண்டுபோனது உப்பும் துணியும் மண்ணெண்ணெயும்தான். மழைக்காலத்தில் வீட்டில் தானியம் இல்லாதபோது கடனாகத் தானியம் கொடுத்தார். அறுவடைக்கு வந்து வட்டியோடு அளந்துகொண்டார். மீதிக்கு ஒரு நோட்டு எழுதிக் கட்டைவிரல் ரேகை வாங்கினார். நோட்டில் எழுதியிருப்பது பத்தா, நூறா என்று ரேகை வைத்தவனுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று சவுகாரும் ஆசைப்படவில்லை. நாலைந்து வருஷத்தில் நிலம் சவுகாருடையதாயிற்று. நிலத்துக்குச் சொந்தக்காரன் அதே நிலத்தில் பண்ணையாள் ஆனான். இதில் சூரத்தனம் ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனை ஏய்த்தான் என்பதுதான் முழுக்கதையும்.

இந்த அக்கிரமம் சர்க்காருக்குத் தெரியாமல் நடந்தது என்று யாராவது சொல்வார்களானால், அவர்களுக்கு ஒரு சேதி சொல்லுகிறோம். அப்போது அந்த மலைகள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. 1917-ம் வருஷத்திலேயே நம்முடைய சென்னைக் கோட்டையில் ஏஜென்சிப் பிரதேச வட்டி, நில மாற்றச் சட்டம் என்று ஒன்று பிறந்தது. மலைவாசியின் நிலத்தை, ஏஜெண்டின் உத்தரவு இல்லாமல், மலைவாசி அல்லாதவன் வாங்கினால் அது செல்லாது; மலைவாசியிடம் வருஷத்துக்கு நூற்றுக்கு 24-க்கு மேல் வட்டி கூடாது; வட்டிக்கு வட்டியும் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவன் மாஸ்கோக்காரன் அல்ல. இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி என்ற பேரே பிறக்காத காலம் அது. வெள்ளைக்கார அதிகாரியே ‘இது கொள்ளை’ என்று கண்டு எழுதி வைத்துவிட்டுப் போனான்.

பிறகு 1940-ல் கடனுக்காக ஆளை அடிமை கொள்ளுவதை ஒழிக்க ஒரு ரெகுலேஷன் வந்தது. 1959-ல் ஆந்திர சர்க்கார் மறுபடியும் ஒரு நில மாற்ற ரெகுலேஷன் போட்டது. ஆகச் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. சட்டம் கச்சேரியில் இருந்தது. நிலம் சவுகாரிடம் இருந்தது. கச்சேரிக்கும் மலைக்கும் எத்தனையோ மைல். அங்கே போனாலும் இவன் பேசுகிற பாஷை குமாஸ்தாவுக்குத் தெரியாது. குமாஸ்தா எழுதுகிற பாஷை இவனுக்குத் தெரியாது. நம் புராணிகரைக் கேட்டால் ‘பூர்வ ஜன்ம கர்மம்’ என்று ஒரே வார்த்தையில் சமாதானம் சொல்லிவிடுவார். அந்தக் கர்மம் நூற்றுக்கு இவ்வளவு வட்டி என்று நோட்டுப் புஸ்தகத்தில் எழுதப்பட்டிருந்ததை மாத்திரம் சொல்லமாட்டார்.

இந்த நிலையில் அந்த மலைக்குப் போனவர்கள் வெம்படாபு சத்தியநாராயணா, ஆதிபட்ல கைலாசம் என்கிற பள்ளிக்கூட வாத்தியார்கள். அவர்கள் முதலில் துப்பாக்கி கொண்டு போகவில்லை. மலைஜனங்கள் சங்கம் வைத்தார்கள். கூலியை உயர்த்து, வெட்டி வேலை வாங்காதே, பிடுங்கிய நிலத்தைக் கொடு என்று பல வருஷங்கள் கேட்டார்கள். 1967 அக்டோபர் 31-ந் தேதி, சங்கத்தின் மகாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மலைவாசிகளை லேவிடி என்ற கிராமத்தில் நிலக்காரர்களின் ஆட்கள் மறித்துச் சுட்டார்கள். இரண்டு பேர் செத்தார்கள். வழக்கு நடந்தது. 1968-ல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். ஐம்பது வருஷமாய் ஒரு சட்டம் தனக்குச் சொந்தமென்று சொன்ன நிலத்தை ஒருவன் கேட்கப் போகிறான். சுடப்படுகிறான். கோர்ட்டுக்குப் போகிறான். கோர்ட்டு ‘குற்றவாளி இல்லை’ என்கிறது. இதற்குப் பிறகு அவனுக்குச் சட்டத்தின்மேல் பக்தி வரவேண்டுமென்றால் அவன் மனிதனாய் இருக்கமுடியாது.

அதே 1968 நவம்பரில் வில்லும் அம்பும் ஈட்டியுமாய்ச் சுமார் 250 பேர் பெத்தகொட்டிலியில் ஒரு நிலக்காரர் வீட்டில் புகுந்தார்கள். நெல்லை எடுத்துக்கொண்டார்கள், அதோடு கடன் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டார்கள். படிக்கத் தெரியாதவன் பத்திரத்தைத் தேடிப் பிடித்தான் என்றால், தன்னைக் கட்டிய கயிறு எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆனால் பிற்பாடு நடந்ததற்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. சவுகார்களையும் நிலக்காரர்களையும் ஒவ்வொருவராய்க் கொல்லுவதே புரட்சி என்று வங்காளத்திலிருந்து ஒரு உபதேசம் வந்தது. அதை இவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். வேதம் எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் யோசியாமல் ஒப்புக்கொண்டால் கேடுதான். ஒரு சவுகார் செத்தால் அவர் பிள்ளை நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொள்ளுகிறார். போலீசு வந்து அடிப்பதோ குடிசையில் இருக்கிறவனை. 1970 ஜூலையில் வாத்தியார்கள் இருவரும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சங்கமும் போயிற்று. பின்னால் 2010-ல் தண்டேவாடாவில் மாவோயிஸ்டுகள் ஒரே காலையில் 76 போலீசாரைக் கொன்றார்களே, அவர்களில் ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கிறோம். அதே பிரதேசத்தில் 2005 முதல் மலைவாசி கையில் ஆயுதம் கொடுத்து மலைவாசியைச் சுடச் செய்த சல்வா ஜூடும் என்ற ஏற்பாட்டையோ, 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே சட்டவிரோதம் என்றது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வாத்தியார்கள் கொல்லப்பட்ட அதே 1970-ம் வருஷத்தில்தான் ஆந்திர சர்க்கார் நில மாற்றச் சட்டத்தை இறுக்கிற்று. ஏஜென்சியில் மலைவாசி அல்லாதவன் கையில் இருக்கும் நிலம் மலைவாசியிடமிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென்றால் வைத்திருப்பவனே ரூபிக்கவேண்டும் என்றது. நல்ல சட்டம்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மனுக் கொடுத்த காலத்தில் வராத சட்டம் பிணம் விழுந்த காலத்தில் வந்ததென்றால், மலைஜனங்களுக்குத் துப்பாக்கிப் பாடம் கற்றுக்கொடுத்தவர்கள் யார்?

அந்தச் சட்டத்தின் பலனாவது என்ன? 2006-ல் சர்க்காரே நியமித்த கோனேரு ரங்காராவ் கமிட்டி, ஆந்திராவின் ஏஜென்சிப் பகுதி நிலத்தில் நூற்றுக்கு 48 பங்கு மலைவாசி அல்லாதவர்கள் கையில் இருப்பதாகச் சொல்லிற்று. சுமார் 72 ஆயிரம் வழக்குகள் எடுக்கப்பட்டு, பாதிக்குச் சற்றுக் குறைய மலைவாசிக்கு விரோதமாகவே முடிந்தன. கீழ்நாட்டான் மலைப்பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு அவள் பேரில் நிலத்தை எழுதி அநுபவிக்கும் பினாமித் தந்திரமும் அங்கே பிரசித்தம்.

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் நிலக் கணக்கை ஊர் நடுவில் வைத்து, அந்த ஜனங்கள் பேசுகிற பாஷையிலேயே உரக்கப் படிக்கட்டும்; எந்த நிலம் யார் பேரில், எந்த வருஷம், எப்படி வந்தது என்று வைத்திருப்பவன் அங்கேயே சொல்லட்டும். மாவோயிஸ்டுகளை ஒழிக்க மத்திய சர்க்கார் 2026 மார்ச்சு 31 என்று தேதி குறித்து வேலை செய்தது. 1917-ல் மலைவாசிக்கு ஒப்புக்கொண்ட நிலத்தை அவனிடம் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு தேதி குறிக்கட்டுமே.