நெஞ்சு வலிக்கும் துரையிடம் அனுமதியா?



தோட்டத்தில் ஒருவர் மாரடைப்பால் செத்தால் நிர்வாகம் சொல்வது ஒன்றுதான்: “குடிச்சான், வெத்தில போட்டான், போய்ச் சேர்ந்தான்.” நம்மவர்களிலும் பலர் தலையாட்டுகிறார்கள். சாராயமும் புகையிலையும் கெடுதல்தான். வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் விழுந்தவர் பிழைப்பாரா என்பது எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பதில்தான் இருக்கிறது.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் இரத்தக்கட்டி அடைப்பதுதான் மாரடைப்பு. அடைத்த நேரத்திலிருந்து இருதயத் தசை செத்துக்கொண்டே போகும். கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போட்டால் பலன் அதிகம். 12 மணித்தியாலம் கடந்தால் பெரும்பாலும் பயனில்லை.

இனி நம் தோட்டத்துக் கணக்கைப் பாருங்கள். மலையில் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தாடை வலிக்கிறது. பெண்களுக்கு இப்படியும் வரும். இறங்கினால் அரைப்பேர், ஆகவே அந்தி நிறுவை வரை பொறுக்கிறார். லயத்தில் “வாய்வு” என்று ஓமத்தண்ணீர். இரவில் வலி கூடுகிறது. டிஸ்பென்சரி பூட்டு. லொறிக்குக் கிளாக்கரைத் தேட வேண்டும், கிளாக்கர் துரையைக் கேட்க வேண்டும். ஆட்டோ காசுக்கு நாலு வீடு ஏறி இறங்க வேண்டும். ஆஸ்பத்திரி போய்ச் சேர விடிந்துவிடும். கொழுந்து வாடக்கூடாதென்று மட்டும் நாளுக்கு மூன்று தடவை லொறி வருகிறது!

இந்தியாவில் 20,000க்கும் அதிகமான இருதய நோயாளரைப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரரில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. குடித்தான் என்று பழி சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். இலங்கையும் சேர்ந்த 52 நாட்டு ஆய்வொன்றில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதில், மற்றவர்களுக்கு 59. ஆண்கள் சேமலாப நிதி எடுக்கும் வயது 55!

ஆகவே கம்பனிகளிடம் கேட்கிறோம். டிஸ்பென்சரிக்கு ஈ.சி.ஜி. இயந்திரம், அந்தத் தாளைப் போனில் ஆஸ்பத்திரி வைத்தியருக்கு அனுப்பும் ஏற்பாடு. அனுமதி கேட்காமல் எடுக்க இரவிலும் ஒரு வாகனம். வலியோடு இறங்கியவருக்கு முழுப்பேர். இது தானம் அல்ல, நம் உழைப்பில் வந்த காசு.

அதுவரை, வலி நெஞ்சிலிருந்து கைக்கோ தாடைக்கோ ஏறினால் நடக்க விடாதீர்கள், உட்கார வையுங்கள். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். டிவிசன் பெயரையும் எந்த ரோட்டில் ஆள் நிற்பார் என்பதையும் சொல்லுங்கள்.

தோட்டத் தலைவர்மாரே, உங்கள் டிவிசனில் இரவு வாகனச் சாவி யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து, அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.