தாத்தா காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்... போடலாமா, வேண்டாமா?

எண்ணூர் என்றதும் இன்று நினைவுக்கு வருவது அனல்மின் நிலையமும் கன்டெய்னர் லாரிகளும்தான். ஆனால், சுதந்திர இந்தியாவின் ஆரம்பகால கார்களில் ஒன்று தயாரானதும் இங்கேதான். 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து 'ஆஸ்டின் ஏ-40' கார்களை எண்ணூரில் பூட்டி வெளியே அனுப்பியது. பிறகு லாரி, பஸ் பக்கம் திரும்பி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சடையங்குப்பம். இந்தப் பகுதியில் கார் ஓட்டுபவர்களுக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி நகரும். ஒவ்வொரு முறையும் கிளட்ச்சை மிதிக்க வேண்டும். புது கார்களிலேயே கால் கடுக்கும் என்றால், பழைய அம்பாசடரையோ பத்மினியையோ வைத்திருப்பவரின் இடது முழங்கால் என்ன பாடுபடும்?

அதனால்தான் பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. 'தாத்தா காரை விற்க மனசு வரலை. ஆனா, அவராலேயே இப்போ ஓட்ட முடியலை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டுட்டா என்ன?'

போடலாம், முடியாதது இல்லை. ஆனால், இது கியர்பாக்ஸோடு முடிகிற வேலை அல்ல. ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டியிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றிலேயே இன்னொன்றும் சுற்ற ஆரம்பிக்கும். ஆட்டோமேட்டிக் காரில் இருக்கும் 'டார்க் கன்வெர்ட்டர்' ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. காற்றுக்குப் பதில் அதற்குள் ஆயில் இருக்கும். இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்ற, ஆயிலின் வேகத்தில் மறுபக்க விசிறி சுற்றி கியர்பாக்ஸை இயக்குகிறது. பிரேக்கை மிதித்து நின்றாலும் இன்ஜின் அணையாது. அதனால் கிளட்ச் பெடலே தேவையில்லை.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆக, தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல. அன்றைய இந்திய கார்களுக்கு அது வரவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. நம் அம்பாசடரில் நீண்ட காலம் ஓடியது, பிரிட்டனின் பி.எம்.சி நிறுவனத்தின் 'பி-சீரிஸ்' வகை 1,489 சி.சி பெட்ரோல் இன்ஜின். இதே குடும்பத்து இன்ஜின் பொருத்திய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 6, எம்.ஜி.பி கார்களுக்கு 1960-களில் பிரிட்டனில் 'போர்க் வார்னர் 35' என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. அம்பாசடரின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளுக்குக் கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை!

எந்த கியர்பாக்ஸைப் போடுவது?

புதுப்பேட்டைக்குப் போனால் ஏதாவது ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடைத்துவிடும் என்று நினைக்கலாம். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

இன்றைய சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றில் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்குவாட்டில் இருக்கும். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எல்லாம் பின்சக்கரத்தால் ஓடுபவை. அந்த கியர்பாக்ஸ் இங்கே உட்காரவே உட்காராது. பின்சக்கரத்தை இயக்கக்கூடிய ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இன்னோவா, ஸ்கார்ப்பியோ மாதிரி பெரிய வண்டிகளின் பக்கம்தான் போக வேண்டும். அவை எடையும் அளவும் அதிகம். கூடவே, அவற்றைக் கட்டுப்படுத்த கம்ப்யூட்டரும் சென்சார்களும் தேவை. கார்புரேட்டர் வைத்த வண்டியில் இவை எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

எனவே, பழைய காருக்குப் பொருத்தமானது ஆயில் அழுத்தத்திலேயே கியரை மாற்றும் பழைய காலத்து ஆட்டோமேட்டிக்தான். அதைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

பட்டறையில் என்னென்ன வேலை?

முதலில் ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் வெளியே வரும். அங்கே மெல்லிய 'ஃப்ளெக்ஸ் பிளேட்' வரும். இன்ஜினையும் புது கியர்பாக்ஸையும் இணைக்க லேத்தில் ஒரு அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. இரண்டின் மையமும் கொஞ்சம் விலகினாலும், கியர்பாக்ஸின் முன்பக்க ஆயில் பம்ப்பும் சீலும் சீக்கிரமே போய்விடும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல், புது ரிங் கியரோடு சரியாகக் கடிக்க வேண்டும். கியர்பாக்ஸின் நீளம் மாறுவதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி, மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுன்ட்டிங்கின் இடமும் மாறும். ஆயில் சூடாவதால் தனி கூலர் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் கியரைக் குறைக்கச் சொல்லும் 'கிக்-டவுன்' கேபிளை கார்புரேட்டரோடு இணைக்க வேண்டும். பார்க், நியூட்ரல் தவிர வேறு எதில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்ச்சும் அவசியம். இது இல்லாவிட்டால் சாவியைத் திருப்பியதும் வண்டி பாய்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, தரையின் நடுவில் இருக்கும் மேட்டை வெட்ட வேண்டியிருக்குமா என்பது. வெட்டிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம்.

போட்ட பிறகு?

ஆஸ்டின் ஏ-40 காரின் பெயரில் இருக்கும் 40, அதன் குதிரைத்திறன். அவ்வளவு சின்ன இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை கன்வெர்ட்டர் வெப்பமாக விழுங்கிவிடும். மேம்பாலம் ஏறும்போது வண்டி முனகும், மைலேஜும் குறையும். கியரைக் குறைத்து வேகத்தைப் பிடித்து நிறுத்தும் வசதி குறைவதால் பிரேக்குக்கு வேலை அதிகம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி என்றால் முதலில் அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றது.

இன்னொன்று, பேட்டரி இறங்கினால் நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் இதோடு முடிந்தது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது.

சடையங்குப்பம் போன்ற இடங்களுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. கொசஸ்தலை ஆற்றில் உபரிநீர் திறந்துவிட்டால் தண்ணீர் வரும் பகுதி இது. சாதாரண கியர்பாக்ஸில் தண்ணீர் புகுந்தால், உடனே ஆயிலை வடித்துக் கழுவி, புது ஆயில் ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் அப்படியில்லை. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் மேல் ஒட்டிய பூச்சு தண்ணீரில் ஊறி உரிந்துவிடும். ஒரே ஒரு மழைக்காலத்தில் மொத்தச் செலவும் தண்ணீரோடு போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைக்க அதே பிரிவில் வழி உண்டு. ஆனால், எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குப் போய்விட்டு, அதன் பிறகு பட்டறைக்குப் போவதுதான் சரி. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

2021-ல் வந்த விதிப்படி, 50 வயது கடந்து, அசல் வடிவத்தில் பராமரிக்கப்படும் வண்டிகளே 'வின்டேஜ்'. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பரில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால், அந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம்.

அதனால், முதலில் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். இந்த கார் கண்காட்சிக்கா, காய்கறி வாங்கவா? வின்டேஜ் பெருமையும் ஆட்டோமேட்டிக் சொகுசும் ஒரே வண்டியில் சேர்ந்து கிடைப்பது கடினம்.

நடுவில் ஒரு வழி

கால்தான் பிரச்னை என்றால், கியர்பாக்ஸைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் தானியங்கியாக்கலாம். 1950-களிலேயே பிரிட்டனில் 'மேனுமேட்டிக்' என்ற பெயரில் இது வந்தது. கியர் கம்பியைத் தொட்டதும் கிளட்ச் தானாக விலகும். கேரளத்தின் முக்கூட்டுத்தறையைச் சேர்ந்த பிஜு வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, கையாலேயே கார் ஓட்டும் வசதியைத் தானே உருவாக்கி, மற்ற மாற்றுத்திறனாளிகளின் கார்களிலும் பொருத்திக் கொடுத்தவர். தேசிய புதுமைக் கண்டுபிடிப்பு அறக்கட்டளையின் விருதும் பெற்றவர். இன்றைய சின்ன கார்களின் ஏ.எம்.டி-யும் இதே யோசனையின் வளர்ச்சிதான். கியர்பாக்ஸ் அதே சாதாரண கியர்பாக்ஸ், மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் மட்டும் ஒரு கருவி பார்த்துக்கொள்கிறது.

செலவு குறைவு, வெட்டு இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

பட்டறைக்குப் போகும் முன்...

* சேசிஸ், பாடி எதையும் வெட்டாமல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், இன்னொரு மெக்கானிக்கிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

* கழற்றிய பழைய கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், பெடல், போல்ட் அனைத்தையும் கிரீஸ் தடவிப் பெட்டியில் வையுங்கள். பழைய இரும்புக்குப் போடவே கூடாது.

* போடப்போகும் கியர்பாக்ஸுக்கு சீல், பிளேட், ஃபில்டர் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

* பிரேக், ரேடியேட்டர், பேட்டரி மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள்.

* ஆர்.டி.ஓ-வின் பதிலை எழுத்தில் வாங்கி, ஆர்.சி-யோடு சேர்த்து வையுங்கள்.

தாத்தா மறுபடியும் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அந்த கார் பேரனுக்கும் அதே காராகப் போய்ச் சேர வேண்டும் என்பதும் நியாயம்தான். வெட்டாமல் செய்தால் இரண்டும் நடக்கும்.