தலைமுடிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்களுக்கு

திருநங்கையர், திருநம்பியருக்கான கோரிக்கைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தபோது, "ஹார்மோன் சிகிச்சைக் காலத்தில் முடி உதிர்வுக்கும் அரசு மருத்துவம் வேண்டும்" என்று ஒரு வரியைச் சேர்த்தோம். பட்டா, வீடு, இடஒதுக்கீடு, காவல்துறை வன்முறை எதற்கும் யாரும் சிரிக்கவில்லை. இந்த வரிக்குச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எதிரிகள் இல்லை, நம்முடைய தோழர்கள். "கூலிக்கே வழியில்லை, இதில் கூந்தலுக்கு என்ன அவசரம்?" என்றார் ஒருவர். "இது சென்னை, பெங்களூரு மேல்தட்டுக்காரர்களின் கவலை" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பெரியாரையே துணைக்கு அழைத்தார்: பெண்களையே முடியை வெட்டச் சொன்னவரின் மண்ணில் திருநங்கைக்கு எதற்கு நீள முடி?

மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கூலியிலிருந்தே தொடங்குவோம்.

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை பறிக்கவும் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள். ஏறுகிறவர்களில் கணிசமானோர் நம் தெருக்களின் பெண்கள். அந்த ஜீப்பில் யாருக்கு இடம் என்பதைச் சட்டம் முடிவு செய்வதில்லை, கங்காணியின் கண் முடிவு செய்கிறது. ஒரு திருநங்கை வந்து நின்றால் அந்தக் கண் முதலில் போவது முன்நெற்றிக்கு. முடி ஏறிப் போயிருந்தால், "பொம்பளை ஆளோட உன்னை எப்படி ஏத்துறது?" என்ற கேள்வி வரும். ஆண்கள் செய்யும் மருந்தடிப்பு வேலைக்குப் போனால் அங்கே வேறு கேலி. தோட்டத்துக்குள் போய்விட்டால் எல்லாரும் சேலைக்கு மேலே சட்டை, தலையில் துண்டு என்று ஒரே கோலம்தான். குளிரிலும் மழையிலும் யார் தலையில் எவ்வளவு முடி என்று யாருக்கும் தெரியாது. பிரச்சினை ஜீப் நிற்கும் இடத்தில், வாடகைக்கு வீடு கேட்கும் வாசலில், காய் தரம் பிரிக்கும் கிடங்கில். ஆக, முன்நெற்றி முடி என்பது அன்றைய கூலி. கூலிதான் முதல் பிரச்சினை என்று சொல்கிற தோழர், நாம் சேர்த்த வரியை இரண்டாவது முறை படிக்கட்டும்.

அடுத்தது, மேல்தட்டுக் கவலை என்ற பேச்சு. இதற்கு உடலின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் உடலில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. பரம்பரையாக வழுக்கைத் தன்மை உள்ளவர்களின் உச்சந்தலை, முன்நெற்றி முடிவேர்களை அதுதான் வருடக்கணக்கில் சுருக்குகிறது. ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்தும் முறையாக எடுத்தால், உதிர்வது பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே செத்துப்போன வேர் திரும்பி வராது. மெலிந்து நிற்கும் முடி ஓரளவு தடிக்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு முடி மிஞ்சும்.

இந்த ஒரு வரியில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. பணமும் ஆங்கிலமும் உள்ள வீட்டுப் பிள்ளை பதினெட்டு வயது முடிந்ததும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்துவிட முடியும். சேரியில் பிறந்த பிள்ளை வீட்டை விட்டு ஓடி, ஜமாத்தில் சேர்ந்து, கடை கேட்டு, அறுவை சிகிச்சைக்குக் காசு சேர்த்து, ஒரு மருத்துவரின் முன்னால் போய் உட்காரும்போது முப்பதைத் தாண்டியிருக்கும். இடையில் போன பத்துப் பன்னிரண்டு வருடங்கள் நெற்றியில் எழுதப்பட்டிருக்கும். தலையெழுத்து என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அது இதுதான் போல. எழுதியது பிரம்மா இல்லை, தாமதம்.

மருத்துவர் கிடைக்காத இடத்தில் மருந்து மட்டும் கிடைக்கும். மாலா-டி எனும் கருத்தடை மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டு, நான்கு என்று விழுங்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். அதில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ராடயால். இரத்தக் கட்டி உண்டாக்கும் ஆபத்து இதில் கூடுதல் என்பதால்தான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் பாலின மாற்றச் சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் ஏறும். சரி, இவ்வளவு ஆபத்துக்கு முடியாவது நிற்குமா? அந்த மாத்திரையில் கூடவே இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் கொஞ்சம் ஆண் ஹார்மோன் குணமும் உள்ளது. முடிக்கு அது நண்பன் இல்லை. படிக்கிற மாணவர்களே, உங்களுக்குத் தெரிந்த அக்கா யாராவது இதை எடுத்துக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். மதுரைக்கு ஒரு நாள் கூடப் போய்வாருங்கள்.

முறையான மருந்துக்கு வந்தாலும் மலை வேலையோடு அது மோதுகிறது. இந்தியாவில் ஆண் ஹார்மோனைத் தடுக்கப் பரவலாகக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று ஸ்பைரனோலாக்டோன். அடிப்படையில் அது சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரை, இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். அதை விழுங்கிவிட்டு ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏறி, நாள் முழுக்கக் குனிந்து காய் எடுப்பதை யோசித்துப் பாருங்கள். எங்கே ஒதுங்குவது? நம் அம்மாக்களும் அக்காக்களும் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கிறார்கள். பிறகு கடுக்கிறது, காய்ச்சல் என்று படுக்கிறார்கள். திருநங்கைக்குப் புதர் மறைவும் பாதுகாப்பில்லை. அவள் தண்ணீரையும் குறைப்பாள், மாத்திரையையும் விடுவாள். தண்ணீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரை பொட்டாசியத்தை ஏற்றி இதயத்துடிப்பைக் குழப்பலாம், தலைசுற்றி விழ வைக்கலாம். மாத்திரையை விட்டால் முடி மறுபடி கொட்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்றது. சின்னத் தோட்டங்கள் அந்தச் சட்டத்தின் கணக்கிலேயே வரவில்லை, பெரிய தோட்டங்களில் கேட்க ஆளில்லை. ஏலத் தோட்டத்தில் கழிப்பறை கேட்கும் போராட்டமும் திருநங்கையின் முடி உதிர்வும் ஒரே பிரச்சினை என்று நாங்கள் சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்கிறார்கள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சைப்ரோடெரோன் என்று இன்னொரு மருந்து உண்டு. அதற்குக் கல்லீரல் பரிசோதனை வேண்டும், அளவு குறைவாக இருக்க வேண்டும். நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தவர்களுக்கு மூளை உறையில் கட்டி வரும் ஆபத்து கண்டறியப்பட்டிருக்கிறது. நிர்வாணம் முடிந்தவர்களுக்கு, அதாவது விரை நீக்கப்பட்டவர்களுக்கு, இந்தத் தடுப்பு மருந்துகள் பொதுவாகத் தேவையே இல்லை. இது தெரியாமல் வருடக்கணக்கில் வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜனையும் சேர்த்து நிறுத்திவிட்டால் எலும்பு தேயும்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் பயப்பட வேண்டாம். பெரிய அறுவை சிகிச்சை, கடும் காய்ச்சல், திடீர் எடைக் குறைவு எது வந்தாலும் உடம்பு அப்படிச் செய்யும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கும். அடங்காவிட்டால் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தசோகை உள்ள உடம்புக்கு ஆயிரம் ரூபாய் மூலிகைத் தைலத்தை விற்கிறவனிடம் ஏமாறாதீர்கள். மினாக்ஸிடில் தடவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆரம்ப வாரங்களில் முடி இன்னும் கொட்டும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வந்த பலனும் போய்விடும். தடவினால் சில மணி நேரம் காய வேண்டும். விடியலில் ஜீப் ஏறுகிறவருக்கு, மழையில் நனைகிறவருக்கு, இரவில் தடவுவதுதான் சாத்தியம். இந்தச் சின்ன விஷயத்தை ஒரு மருத்துவர் சொல்லித்தர வேண்டுமென்றால், முதலில் அவர் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

திருநம்பிகளைப் பற்றி நம் கூட்டங்களில் பேசுவதே குறைவு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கி ஆறு மாதம், ஒரு வருடத்தில் பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்கு முன்முடி ஏறத் தொடங்கும். சிலர் அதையும் ஆண்மையின் அடையாளமாகச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள், அது அவர்கள் உரிமை. வேண்டாம் என்பவர்களுக்கு மருந்து உண்டு. ஆனால் ஃபினாஸ்டெரைடை ஊசி தொடங்கிய புதிதில் எடுத்தால் தாடி, உடல் முடி போன்ற விரும்பிய மாற்றங்களும் தடைபடலாம், கருத்தரிக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் எடுக்கவே கூடாது. இது மருத்துவம். ஊரில் வேறு கதை. தலித்துக்கு முடி வெட்ட மாட்டேன் என்னும் சலூன்கள் தென்மாவட்டக் கிராமங்களில் இன்றைக்கும் உண்டு. அந்த ஊரில் ஒரு தலித் திருநம்பி முடி வெட்டிக்கொள்ள எங்கே போவான்? சாதிக்காக ஒரு தடவை, பாலினத்துக்காக ஒரு தடவை, ஒரே நாற்காலியில் இரண்டு முறை மறுக்கப்படுகிறவன் அவன்.

இனி பெரியார். பெண்கள் முடியை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னது உண்மை. கூந்தலைப் பெண்ணின் மேல் கட்டிய கட்டாயத்தை உடைக்கச் சொன்னார். திருநங்கையின் மேல் கட்டியிருப்பது நேர் எதிரான கட்டாயம். வீட்டில் பிடித்து உட்காரவைத்து மொட்டையடிப்பது, காவல் நிலையத்தில் முடியை அறுப்பது, எல்லாம் அவளை ஆணாக்குவதற்கு. கட்டாயத்துக்கு எதிரான பெரியாரை எடுத்துவந்து இன்னொரு கட்டாயத்துக்குக் காவல் வைக்காதீர்கள்.

தோற்றம் அற்பமானது என்று ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு எங்கேயும் சொல்லவில்லை. 1927 டிசம்பரில், மனுஸ்மிருதியை எரித்த மகாடு மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் தனியே பேசினார். சேலையை உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்துங்கள், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் நகைகளைக் கழற்றுங்கள் என்றார். இந்த ஏலமலைகள் எந்தத் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தனவோ, அதே அரசில்தான் தோளில் சீலை போடுவதற்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல் உரிமையை வாங்கினார்கள். அப்போதும் யாரோ ஒருவர் "சோற்றுக்கு வழியில்லை, சீலை எதற்கு?" என்று கேட்டிருப்பார், சந்தேகமில்லை.

இப்போது அரசு. தமிழ்நாடு 2008இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது, அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை கொண்டுவந்தது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் அறுவை சிகிச்சையோடு அரசின் கடமை முடிந்துவிட்டது போன்ற நினைப்பு இருக்கிறது. ஹார்மோன் ஆயுளுக்கும் தொடரும் சிகிச்சை. 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தைப் பல காரணங்களுக்காக எதிர்க்கிறோம். ஆனாலும் அதன் 15ஆவது பிரிவு அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை, பிற உடல்நலப் பிரச்சினைகள் எல்லாவற்றுக்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. முகத்தில் வேண்டாத முடியை நீக்குவது மருத்துவம் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டபின், தலையில் வேண்டிய முடி கொட்டுவதை மட்டும் "அது காஸ்மெட்டிக்" என்று தள்ள முடியாது. தேனி மாவட்டத்திலேயே, க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாளாவது ஹார்மோனுக்கும் தோலுக்கும் சேர்த்து ஒரு பிரிவு நடக்க வேண்டும், இரத்தப் பரிசோதனை இலவசமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. 2023இல் போடிக்கு மறுபடி ரயில் வந்தது நல்லதுதான். ஆனாலும் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது.

பொய்முடி பற்றியும் சொல்லிவிடுகிறோம். பழனியில் நம் அம்மாக்கள் இறக்கிய முடி ஏலம் போகிறது, திருப்பதியிலும் போகிறது, கடல் கடந்து பணக்கார நாடுகளின் விக் ஆகிறது. அதே முடியில் செய்த ஒரு நல்ல விக்கை போடியில் இருக்கிற திருநங்கை வாங்க முடியாது. மலிவான சவுரியை இழுத்துக் கட்டிக்கட்டி, இருக்கிற முடியும் வேரோடு போகிறது. அறநிலையத் துறையும் நல வாரியமும் ஒரே அரசின் கீழ்தான் இருக்கின்றன.

கடைசியாகச் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினர் ஒருவருக்கு வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதும் மீசையை மழிப்பதும் பிரிவு 3(1)(உ) என்று தனியாகவே குற்றம். ஆங்கிலத்தில் அது 'இ' உட்பிரிவு. தலைமுடி மானம் சார்ந்தது என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. தலித் திருநங்கையின் முடியைச் சாதி இந்து ஒருவர் அறுத்தால், அதைக் காவல் நிலையத்தில் "அவங்களுக்குள்ள தகராறு" என்று எழுத விடாதீர்கள். அறுத்தவர் சொந்தக் குடும்பத்தார், சொந்தச் சாதிக்காரர் என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது, 2019 சட்டத்தின் 18ஆவது பிரிவைக் கேளுங்கள். அதில் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்தான், போதாது, அது தனிச் சண்டை. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்கி, பிரிவு எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள்.