கூடத்தில் கூடுவோம்!

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கிறது. மலையில் பெய்யும் மழை ஓடையாய் இறங்கிக் கோமுகி அணைக்குப் போய்விடுகிறது. கோடையில் மலைமேல் வாழும் எங்களுக்கோ குடிக்க நீர் இல்லை.

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். "அந்த இடத்தில் பங்குனிக்கு மேல் ஈரமே இருக்காது" என்றார் என் அம்மா. கேட்பார் யார்? முதற்கோடையிலேயே குழாயில் காற்றுதான் வந்தது. மனு எழுதிக்கொண்டு அப்பாவுடன் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா வாசலில் நின்றார். பகல் முழுவதும் நின்றோம். "திட்டம் முடிந்துவிட்டது என்று பதிவாகியிருக்கிறதே!" என்றார் ஒருவர். பதிவேட்டில் தண்ணீர் வந்தது. எங்கள் குடத்தில் வரவில்லை.

1976-ஆம் ஆண்டு வரை எங்கள் மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. கைகட்டி நிற்பது எங்கள் பாட்டன்மார் கற்ற பாடம். ஆனால் நண்பர்களே, அலுவலகத்தின் உள்ளே இருப்பவரும் தம் மேலதிகாரியின் முன் அப்படித்தானே நிற்கிறார்! கீழே இருப்பவருக்குத் தெரிந்த உண்மை மேலே ஏறாத இடத்தில் வேலை எப்படிச் சிறக்கும்? அங்கே ஆளை மாற்றினால் போதாது. பழக்கத்தை மாற்ற வேண்டும்.

முடியுமா என்று கேட்பீர்கள். நம் மாநிலத்திலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள். 1971-இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஊர் ஊராகத் திட்டங்களைக் கட்டிய நிறுவனம். 2003, 2004-ஆம் ஆண்டுகளில், வறட்சி வாட்டிய வேளையில், அதன் பொறியாளர்கள் தம்மையே கேள்வி கேட்டுக்கொண்டனர். இத்தனை கட்டியும் குழாய்கள் ஏன் வறண்டு கிடக்கின்றன? ஆட்சிப் பணி அதிகாரி விபு நாயர் முன்னின்ற அம்முயற்சிக்கு அவர்கள் தேர்ந்த வடிவம் 'கூடம்'. நம் பழைய வீடுகளில் எல்லோரும் கூடும் அதே கூடந்தான். வட்டமாக அமர்வது, பதவியை வெளியே விட்டுவருவது, யார் பேசினாலும் காதுகொடுப்பது என்பவை அதன் விதிகள். மறைமலைநகரில் கூடியபோது, புதிய திட்டங்களைத் தொடுமுன் செயலிழந்து கிடப்பவற்றுள் நூற்றுக்குப் பத்தையாவது உயிர்ப்பிப்போம் என்று உறுதி பூண்டனர். பின்னர் 145 ஊராட்சிகளில் ஊர்மக்களுடனும் அவ்வாறே அமர்ந்தனர். குடம் சுமக்கும் பெண்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள்.

"சமமாக உட்கார்ந்தால் மரியாதை போய்விடாதா?" என்று சிலர் அஞ்சலாம். கூடத்தை விட்டு எழுந்த பிறகும் தலைமைப் பொறியாளர் தலைமைப் பொறியாளரே. உண்மை அவர் காதுக்கு எட்டிவிட்டது, அவ்வளவுதான் வேறுபாடு. பேச்சால் மட்டும் பம்பு ஓடாது; பணமும் வேண்டும், உழைப்பும் வேண்டும். ஆனால் அவற்றை எங்கே இறைப்பது என்று சொல்ல என் அம்மாவைப் போல ஒருவர் வட்டத்தில் இருக்க வேண்டும்.

அலுவலகத்தைக் குறை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மனச்சான்று விடவில்லை. என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இங்கே நான் செய்தது என்ன? கூட்டு ஊசல் சோதனையில் விடை 980-க்கு அருகில் வரவேண்டும் என்பதற்காக அளவீடுகளைத் திருத்தி எழுதினேன். நிறுத்துக் கடிகாரம் பிந்துகிறது என்று எனக்குத் தெரியும். ஆய்வக உதவியாளருக்கும் தெரியும். பேராசிரியரிடம் இருவருமே சொல்லவில்லை. பதிவேட்டில் விடை வந்தது. எனக்கு இயற்பியல் வரவில்லை. அந்த அலுவலக மேசைக்கும் என் பதிவேட்டுக்கும் என்ன வேறுபாடு? நாளை நானும் ஒரு மேசையின் பின்னால் அமரலாம். இன்று பழகுவதைத்தானே அன்றும் செய்வேன்?

ஆகவே ஆசிரியப் பெருமக்களை வணங்கி ஒன்று வேண்டுகிறேன். மாதம் ஒரு மணி நேரம் ஆய்வகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். பேராசிரியர், உதவியாளர், மாணவர் அனைவரும் அமர்வோம். எது ஓடவில்லை, எது புரியவில்லை என்று பேசுவோம். தவறிய விடையை அப்படியே எழுதியவனுக்கு மதிப்பெண் குறையாது என்ற உறுதி மட்டும் தாருங்கள்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். முதல் பேச்சை நானே தொடங்குகிறேன். ஐயா, அந்தக் கடிகாரம் பழுது.