நாற்காலி மாறினால் வாக்கும் மாறுமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபுட்பால்' என்று வழங்குவது நம் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம். ஆண்டுதோறும் பருவம் முடியும் தறுவாயில் அங்கே தலைமைப் பயிற்சியாளர்கள் பலர் நீக்கப்படுகிறார்கள். சிலர் பெரிய ஊதியத்துக்காகத் தாமே வேறு கல்லூரிக்குப் போகிறார்கள். புதியவர் வந்து நாற்காலியில் அமர்ந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. "உனக்கு இங்கே இடமுண்டு" என்று முன்னவர் சொல்லிவைத்த பள்ளி மாணவனைப் புதியவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? "அது அவர் கொடுத்த வாக்கு, என்னைக் கட்டாது" என்று அவர் கைகழுவலாமா?

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் பந்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கேள்வி பந்தைப் பற்றியதன்று, வாக்கைப் பற்றியது. அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

நம் பக்கத்து நடைமுறையை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே சான்றிதழ்களுக்கு மதிப்பெண் உண்டு, தரவரிசை உண்டு; யார் நாற்காலியில் இருந்தாலும் பட்டியல் பேசும். தனியார் கல்லூரிகள் தம் விருப்பத்தில் நிரப்பிக்கொள்ளும் இடங்களின் கதை வேறு. பள்ளிகளுக்கிடையிலான போட்டி நடக்கும் மைதானத்துக்கு உடற்கல்வி இயக்குநர் வருகிறார். நன்றாக ஆடும் பையனை அழைத்துத் தோளில் தட்டுகிறார். கட்டணம் வேண்டாம், விடுதியும் சாப்பாடும் இலவசம், பிளஸ் டூ முடிந்ததும் நேரே வந்துவிடு என்கிறார். எழுத்தில் ஒரு வரி கிடையாது. தந்தை கைகூப்புகிறார், ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. கனகசெட்டிக்குளம் போன்ற கடலோரச் சிற்றூர்களில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் கல்லூரிகளின் பெயர்ப்பலகைகள் நிற்க, அவற்றுள் நுழையப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பந்து ஒரு வாசல். அந்த வாசலின் சாவி ஒருவருடைய நாக்கில் இருக்கிறது.

மே மாதத்தில் அந்த இயக்குநர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். ஜூன் மாதத்தில் பையன் பெட்டியோடு வந்து நிற்கிறான். "யார் சொன்னது? எனக்குத் தெரியாதே" என்கிறார் புதியவர். அதற்குள் மற்ற கல்லூரிகளில் சேர்க்கை முடிந்திருக்கும். அழைத்த வேறு இரண்டு இடங்களை அவன் இந்த வாக்கை நம்பி மறுத்திருப்பான். இழப்பு முழுவதும் அவனுடையது. வாக்களித்தவருக்கோ கல்லூரிக்கோ ஒரு காசு நட்டமில்லை.

அமெரிக்காவில் 1964இல் தொடங்கி 2024இல் கைவிடப்பட்ட ஒரு முறை இருந்தது. சேர விரும்பும் மாணவன் 'தேசிய விருப்பக் கடிதம்' ஒன்றில் ஒப்பமிடுவான். நீ ஒப்பந்தம் செய்வது கல்லூரியோடு, பயிற்சியாளரோடு அன்று என்று அந்தக் கடிதமே சொன்னது. தன்னை அழைத்த பயிற்சியாளர் மறுவாரமே விலகினாலும் மாணவன் கட்டுண்டவன்தான். ஆனால் ஒப்பமிடுவதற்கு முன் நடந்த வாய்ப்பேச்சு யாரையும் கட்டாது; அதில் புதிய பயிற்சியாளர் முழுச் சுதந்திரம் உடையவர். இந்த முரணை உற்று நோக்குங்கள். மாணவன் விலக நினைக்கும்போது, 'நீ சேர்ந்தது நிறுவனத்தில், மனிதரிடம் அன்று' என்பது நியாயம். நிறுவனம் அவனை விலக்க நினைக்கும்போது, 'அது போன மனிதர் சொன்னது, நிறுவனம் சொன்னதன்று' என்பது நியாயம். ஒரே வாய் இரண்டு நியாயம் பேசுகிறது. இரண்டும் மாணவனுக்கு எதிராகவே தீர்கின்றன.

புதியவர் பக்கத்திலும் வழக்கு உண்டு. 2022ஆம் ஆண்டு பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்றிருந்த கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு அவ்வாண்டு டிசம்பரில் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்தார். ஏற்கெனவே அணியில் இருந்த மாணவர்களிடம் முதல் கூட்டத்திலேயே, உங்களில் பலர் வேறு இடம் தேடிக்கொள்வது நல்லது என்னும் பொருள்படப் பேசினார். அடுத்த பருவத்தில் களமிறங்கியவர்களில் பெரும்பாலோர் புதுமுகங்கள். 2023இல் நான்கு வெற்றிகள், 2024இல் ஒன்பது. தோற்றால் வேலை போகும் ஒருவரிடம், முன்னவர் தேர்ந்தெடுத்த ஆட்களோடு வெல் என்று சொல்வது முறையா என்று அவரை ஆதரிப்போர் கேட்டனர். அவர் ஒளிவுமறைவின்றி முதல் நாளிலேயே சொன்னார் என்பதையும் அவருக்குச் சாதகமாகவே எழுத வேண்டும். ஜூன் வரை மழுப்பிவிட்டுக் கைவிரிப்பதைவிட டிசம்பரில் சொல்லும் கடுஞ்சொல் மேல்.

ஆயினும் இந்த வாதத்தில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன என்பது என் துணிபு. அணியில் இடம் வேறு; கல்லூரியில் இடம் வேறு. களத்தில் யாரை இறக்குவது என்பது பயிற்சியாளரின் உரிமை. அதை எந்த முன்னவரும் வாக்காகக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. படிப்பு, கட்டண விலக்கு, விடுதி ஆகியவை கல்லூரியின் கொடை. பயிற்சியாளர் அவற்றைத் தம் சட்டைப்பையிலிருந்து தரவில்லை; கல்லூரியின் பெயரால் தந்தார். ஆகவே அவர் போனாலும் கடன் கல்லூரியின் கணக்கில் நிற்கிறது.

சட்டமும் இதற்கு அயலானதன்று. புதிய ஆலைகளுக்கு விற்பனை வரி விலக்கு உண்டு என்று உத்தரப் பிரதேச அரசு உறுதி சொல்லி, அதை நம்பி ஒரு நிறுவனம் ஆலை தொடங்கிய பின் பின்வாங்கியது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில், நம்பிச் செயல்பட்டவரை நட்டாற்றில் விட அரசுக்கு உரிமையில்லை என்று உச்சநீதிமன்றம் கூறியது. ஆலை முதலாளிக்குக் கிடைத்த அந்த நியாயத்தின் சாரம் மீனவர் வீட்டுப் பையனுக்கு மட்டும் பொருந்தாதா?

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியாத செய்தியும் அன்று. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு ஆட்சியில் இங்கே பணியாற்றிய உள்ளூர் ஊழியர்களை இந்திய அரசு ஏற்றுக்கொள்ளும், ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவை முன்பு இருந்தபடியே தொடரும் என்று அதில் எழுதப்பட்டது. அவர்களை வேலைக்கு எடுத்தது வேறு நாடு. வாக்கைச் சுமந்தது புதிய நாடு. பிரான்சின் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. ஒப்பமிட்டது நான்காம் குடியரசு. அது 1958இல் மறைந்தது. 1962இல் அதை ஏற்புறுதி செய்தது ஐந்தாம் குடியரசு. ஆறாண்டுத் தாமதம் குறைதான். என்றாலும் 'அது போன குடியரசு போட்ட கையெழுத்து' என்று யாரும் தாளைக் கிழித்துப் போடவில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா'க்களின் ஓய்வூதியத்தை அறியாத தெரு நம் நகரில் உண்டா?

இன்னும் பின்னே போனால், ஆனைமங்கலச் செப்பேடு எனப்படும் பெரிய லெய்டன் செப்பேடு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்த பௌத்த விகாரைக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். அவன் மறைந்தபின், தந்தை அளித்த கொடையை மகன் இராசேந்திரன் நிலைபெறச் செய்தான் என்று செப்பேட்டின் வடமொழிப் பகுதி சொல்கிறது. அதே இராசேந்திரன் பின்னாளில் ஸ்ரீவிஜயத்தின் மீது படை நடத்தியவன். ஆட்சியில் அவனுக்கென்று தனிக் கொள்கை இருந்தது; தந்தை கொடுத்த வாக்கு அதற்குத் தடையாகவில்லை. நம் கல்வெட்டுகளின் இறுதியில், இந்த அறத்தைக் காப்பவர் திருவடி என் தலைமேல் என்னும் கருத்து திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். கொடுத்தவன், தனக்குப் பின் வரும் முகமறியாதவன் காலில் முன்கூட்டியே விழுகிறான். கொடையைவிடக் காப்பது அரிது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் கல்லூரிகள் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. வாய்ச்சொல்லுக்கு மாறாக முதல்வர் ஒப்பமிட்ட ஒரு தாள் போதும். எந்தக் கட்டணம் விலக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, காயம்பட்டு ஆட முடியாமற் போனால் என்ன என்பன அதில் இருக்கட்டும். புதிய பயிற்சியாளரை அமர்த்துமுன் அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுக்கட்டும். இவற்றோடு சேர்த்துத்தான் இந்த வேலை என்று சொல்லட்டும். ஏற்க மனமில்லாதவர் வேறு வேலை தேடலாம். அவருக்கு வயதும் வாய்ப்பும் உண்டு. பதினேழு வயதுப் பையனுக்கு அந்த ஜூன் மாதம் ஒருமுறைதான் வரும்.

புதியவருக்கும் ஒரு சொல். உங்கள் திட்டத்துக்குப் பொருந்தாத பையனை ஆட்டத்தில் இறக்க வேண்டாம். பயிற்சிக்கு வரட்டும், படிக்கட்டும். நான்கு ஆண்டுகள் கழித்து நீங்களும் வேறிடம் போவீர்கள். அன்று நீங்கள் வாக்களித்த ஒரு பிள்ளை பெட்டியோடு வந்து இதே வாசலில் நிற்பான். அவனை உள்ளே அழைப்பவர், இன்று நீங்கள் ஏற்படுத்தும் வழக்கத்தைத்தான் பின்பற்றுவார்.