அரையாண்டில் சறுக்கிய குதிரை



டீச்சர் ரேஸ் குதிரையைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். அதில் பணம் கட்டுவது சூதுதான், எனக்கு வேறு கருத்தில்லை. நான் சொல்ல வந்தது குதிரையை வளர்த்தவர்களைப் பற்றி.

அமெரிக்காவில் கலிபோர்னியா குரோம் என்று ஒரு குதிரை. அதன் தாயை 8,000 டாலருக்கு வாங்கிய இருவரும் பெரிய தனவந்தர்கள் அல்லர். ஒருவர் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். பிறந்த முதல் குட்டியை ஆர்ட் ஷெர்மன் என்ற 76 வயதுப் பயிற்சியாளரிடம் விட்டார்கள். சின்ன லாயம், உதவிக்குச் சொந்த மகன். 1955-இல் ஸ்வாப்ஸ் என்ற குதிரையோடு ரயிலிலேயே கென்டக்கி போனபோது அவருக்கு வயது 18. அந்த ஆண்டு டெர்பியை ஜெயித்தது ஸ்வாப்ஸ்தான். அதன் பிறகு கென்டக்கி டெர்பிக்குப் போகும் தரத்தில் ஒரு குதிரை அவர் கைக்கு வரவேயில்லை.

2013-இல் குரோமுக்கு 2 வயது. முதல் 6 ஓட்டத்தில் 2 வெற்றி. கடைசி இரண்டிலும் ஆறாவது இடம். நம் வீடுகளில் என்றால் இந்நேரம் டி.சி. வாங்கியிருப்போம்! அவர்கள் பயிற்சியாளரை மாற்றவில்லை, ஜாக்கியை மட்டும் மாற்றினார்கள். டிசம்பரிலிருந்து வரிசையாக ஆறு வெற்றி. 2014 மே 3-இல் கென்டக்கி டெர்பியும் அதில் அடக்கம். அப்போது ஷெர்மனுக்கு 77.

டெர்பிக்கு முன்பே 51 சதவீதப் பங்குக்கு 60 லட்சம் டாலர் தருகிறோம் என்று ஆள் வந்தது. பாதிக்கு மேல் கொடுத்துவிட்டால் குதிரை யாரிடம் பழக வேண்டும் என்பதை வாங்கியவர் முடிவு செய்வார். மாட்டோம் என்றுவிட்டார்கள். நானாக இருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ! அடுத்த மாதம் பெல்மான்டில் நான்காவது இடம்தான் கிடைத்தது. அதற்காகவும் ஷெர்மனை விட்டு வேறிடம் போகவில்லை.

இதை ஏன் எழுதினேன்? போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். மகனுக்கு அரையாண்டில் மார்க் குறைந்துவிட்டதாம், ஊர்ப் பள்ளியிலிருந்து எடுத்து தூரத்து ஹாஸ்டலில் போடப் போகிறானாம். நானும் ஒரு காலத்தில் அரையாண்டு மார்க்கை வைத்து ஒரு பையனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியவள்தான். அவனும் இதைப் படிப்பான், மன்னித்துவிடப்பா.

தம்பி, டி.சி. கேட்பதற்கு முன் பையனின் வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடு, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.