கொல்லைக்குப் போகும் கட்டில்

பழைய வீடுகளில் பென்ஷன் பெற்ற சாமான்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஒரு காலை இழந்த பெஞ்சி, கயிறு அறுந்த கட்டில், சங்கிலி போன ஊஞ்சற் பலகை, பூட்டுத் திறக்காத மேஜை ஆகியவை பரணிலும் பின்கட்டிலும் குடியிருந்துகொண்டு, பண்டிகைதோறும் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு ஸ்தல யாத்திரை செய்து வருகின்றன. முடிவில் அவற்றுக்கு இரண்டே கதிகள்: பழைய சாமான்காரருடைய வண்டி, அல்லது போகிப் பண்டிகை நெருப்பு. மூன்றாவது கதி ஒன்றும் உண்டு. அதுதான் கொல்லைப்புறம்.

சிக்கனத்தை மாத்திரம் உத்தேசித்து நாம் இதைச் சொல்லவில்லை. அந்தப் பலகைகளிலுள்ள மரம் இன்று எளிதில் அகப்படாதது. தேக்கு நன்றாக முற்றுவதற்கு 50, 60 வருஷங்களாவது வேண்டும். மலபார் கலெக்டராயிருந்த கானலி என்பவர் 1840-களில் சாத்து மேனோனைக் கொண்டு நிலம்பூரில் தேக்கு நடச் செய்தார். அவற்றில் சில மரங்கள் இன்றும் நிற்கின்றன. செட்டிநாட்டு மாளிகைகளுக்கோ பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்தது. வயிரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கறையானும் ஈரமும் எளிதில் அதை அண்டுவதில்லை. இளமரத்தில் வெளுத்த பகுதி அதிகம். கறையானுக்கு அது விருந்து. முற்றிய மரத்தை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, சில கோடைகளுக்குள் வெயிலில் வெடித்துப்போகும் பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வருவது என்ன வியாபாரம் என்பது நமக்கு விளங்கவில்லை.

எது எதற்கு உதவும்? கயிறு அறுந்த கட்டிலின் சட்டத்தைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தி, குறுக்கே கயிறு கட்டிவிட்டால், அவரையும் பாகலும் ஏறுவதற்கு அருமையான பந்தல். ஊஞ்சற் பலகையைச் செங்கல்லால் கட்டிய இரண்டு சிறு தூண்களின்மேல் வைத்தால், வேப்பமரத்தடியில் மாலை வேளைக்கு ஓர் ஆசனம். மேஜையின் இழுப்பறையில் அடிப்பலகையைத் துளையிட்டு மண் நிரப்பினால் கீரைப் பாத்தி. பெஞ்சியின் மற்ற மூன்று கால்களையும் அறுத்துச் சமமாக்கினால், துளசிக்கும் மல்லிகைக்கும் தொட்டி வைக்கும் மேடை.

ஆனால் முதலில் மரத்தின் ஜாதியை அறிந்துகொள்ள வேண்டும். பலகையின் அடிப்புறத்தைச் சிறிது இழைத்துப் பார்த்தால், தேக்கின் பொன்னிறமும், தோலைப் போன்ற மணமும் தெரிந்துவிடும். மாமரமும் இலவ மரமும் மழைக்குத் தாங்கா; அவற்றைத் தாழ்வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். எந்த மரமானாலும் காலின் அடிமுனை ஈரத்தை விளக்குத் திரிபோல் உறிஞ்சும். ஆகையால் மண்ணில் நடாமல் கல்லின்மேல் நிறுத்துக. நீர் தேங்காதபடி பலகை சற்றே சரிந்திருக்கட்டும். வருஷத்துக்கொரு முறை ஆளிவிதை எண்ணெய் பூசலாம். பூசிய துணியை மட்டும் சுருட்டிப் போடாமல், விரித்து உலர்த்துக. சுருண்டு கிடக்கும் எண்ணெய்த் துணி தானாகவே தீப்பற்றக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பழைய வர்ணங்களில் காரீயம் கலந்திருப்பது சகஜம். வீட்டு வர்ணத்தில் அது பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கை மீறக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அத்தகைய வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தால் தூளாகவும், போகியில் எரித்தால் புகையாகவும் சாம்பலாகவும் காரீயம் வெளிப்படும். மழையில் உரிந்தால் மண்ணில் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அதைப் போன்ற சத்துரு வேறில்லை. ஆகவே வர்ணம் பூசிய பழைய சாமான்களைக் கீரைப் பாத்திக்கும் அனுப்ப வேண்டாம், நெருப்புக்கும் அனுப்ப வேண்டாம். வர்ணம் காணாத மரமே கொல்லைக்கு உகந்தது.

நம் முன்னோர்கள் ஒரு பொருளை வாங்கும்போதே பேரன் காலம் வரையில் எண்ணி வாங்கினார்கள். அந்தப் பேரனுடைய பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்வதற்கு ஓர் ஆணியும், அரைநாள் வேலையுமே பாக்கி. வருகிற போகிக்கு முன் நேயர்கள் ஒரு தடவை பரணில் ஏறிப் பார்ப்பார்களாக.